விஜய் டிவிக்கு முன்னால் ஒரு ஸ்டார்

"ஸ்டார் விஜய் வை" என்று தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "விஜய் டிவி போடு" என்பதோடு சரி. 2001-இல் சேனல் ஸ்டார் குழுமத்தின் கைக்குப் போனது. அந்த நட்சத்திரமும் திரை மூலையில் வருஷக்கணக்காக மின்னிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் வாய்க்கு வந்தது விஜய் மட்டும்தான். அதுவும் நடிகர் விஜய் இல்லை, சாராய அதிபர் விஜய் மல்லையா. 1994-இல் 'கோல்டன் ஈகிள்' என்ற பெயரில் ஆரம்பித்த சேனலை அவர் வாங்கியபோது ஒட்டிய பெயர். மல்லையா நாட்டைவிட்டே போய்விட்டார். பெயர் நம் வீட்டுக் கூடத்திலேயே தங்கிவிட்டது.

மும்பையில் இருந்துகொண்டு நாடு முழுக்கச் சேனல் நடத்துகிறவர்களுக்கு இது தீராத தலைவலி. எல்லா மாநிலத்திலும் ஒரே பெயர் இருந்தால் விளம்பரதாரரிடம் பேச வசதி, லோகோ ஒன்று, செலவு குறைவு. ஆனால் பார்க்கிறவருக்கு அதனால் காலணா லாபம் இல்லை. அவருக்கு வேண்டியது பழகிய பெயர்.

ஸ்டார் இதில் ஊருக்கு ஒரு விதமாக நடந்துகொண்டது. 1993-இல் தொடங்கிய ஏஷியாநெட்டை 2008-இல் தன் பிடிக்குள் கொண்டுவந்தும், பெயருக்கு முன்னால் ஸ்டாரை ஒட்டவில்லை. மலையாளிகளிடம் அந்தப் பெயருக்கு இருந்த மரியாதையில் கைவைக்கத் தயங்கினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெலுங்கில் அந்தத் தயக்கம் இல்லை. 2015-இல் வாங்கிய 'மா' டிவி, 2017-இல் 'ஸ்டார் மா' ஆகிவிட்டது. கன்னடத்துச் சுவர்ணாவுக்கும் அதே கதி.

இன்னும் துணிச்சலாக இறங்கியவர்கள் கலர்ஸ்காரர்கள். ராமோஜி ராவ் தொடங்கிய ஈடிவியின் மராத்தி, கன்னடம், வங்காளம், குஜராத்தி, ஒடியா சேனல்களை வாங்கி, 2015-இல் வரிசையாகக் கலர்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். பழைய சேனலின் பார்வையாளர்கள் அப்படியே புதுப் பெயருக்குக் கிடைத்தார்கள். தமிழில் அப்படி வாங்கிப் போட ஒன்றும் அமையவில்லை. 2018 பிப்ரவரியில் வெறுங்கையோடு கலர்ஸ் தமிழ் வந்தது. நடிகர் ஆர்யாவுக்குப் பெண் தேடும் 'எங்க வீட்டு மாப்பிள்ளை' நிகழ்ச்சி ஊரெல்லாம் பேச்சானது. பேச்சு அடங்கியதும் கூட்டம் கலைந்தது.

அடுத்த ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த கட்டண முறை இதையெல்லாம் ரூபாயில் காட்டிவிட்டது. ஒவ்வொரு சேனலும் தன் விலையைத் தானே அறிவிக்க வேண்டும். 19 ரூபாயைத் தாண்டினால் தொகுப்பில் இடமில்லை. சன் டிவி 19 வைத்தது. விஜய் 17. கலர்ஸ் தமிழ் 3. ஜனங்கள் எவ்வளவுவரை தாங்குவார்கள் என்று அந்தந்த நிறுவனமே போட்ட கணக்கு இது. இதைவிட நேர்மையான கருத்துக்கணிப்பு இருக்க முடியாது.

சன் அந்த உச்ச விலையைக் கேட்டதில் ஆச்சரியமில்லை. 1993 சித்திரை முதல் நாள் தொடங்கி அவர்கள் பிடித்தது சேனல் பெயரை அல்ல, வீட்டின் நேரத்தை. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' ஓடிய காலத்தில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதைச் சீரியல்தான் முடிவு செய்தது. தீபாவளி வந்தால் "திரைக்கு வந்து சில மாதங்களே ஆன" என்ற அந்த அறிவிப்பு. அந்தக் குரல் கேட்டால்தான் பண்டிகை என்றிருந்தவர்கள் உண்டு. 2011-இல் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தபோது தொடக்கத்தில் அதில் சன் இல்லை. வசூலுக்கு வந்த கேபிள்காரரிடம் "சன் எப்பப்பா வரும்?" என்று கேட்காத தெரு இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

உள்ளூர்க்காரரான சன்னும் வெளியூர் போனால் வெளியாள்தானே! ஆந்திரத்தில் ஜெமினி, கர்நாடகத்தில் உதயா, கேரளத்தில் சூர்யா என்று அந்தந்த ஊர்ப் பெயராகத் தெரியும்படி இருந்துவிட்டு, 2019-இல் கொல்கத்தாவுக்கும் 2021-இல் மராத்திக்கும் போகும்போது சன் பாங்ளா, சன் மராத்தி என்று சொந்தப் பெயரிலேயே போனது. மும்பைக்காரர்கள் நம்மிடம் செய்வதை நாம் அவர்களிடம் செய்து பார்த்திருக்கிறோம்.

தேசியப் பெயர் என்றாலே இங்கே தோற்கும் என்று முடிவு கட்டவும் முடியாது. ஜீ தமிழ் 2008-இல் வந்தது. முதல் பல வருஷங்கள் ரிமோட்டில் தாண்டிப் போகிற எண்ணாகத்தான் கிடந்தது. 2017-இல் 'செம்பருத்தி' வந்தது. பார்வதியும் ஆதியும் சேர்வார்களா என்று பார்க்க உட்கார்ந்தவர்கள் அப்படியே அடுத்த சீரியலுக்கும் உட்கார்ந்துவிட்டார்கள். ஜீ என்ற எழுத்து யாருக்கும் உறுத்தவில்லை. இன்னொரு பக்கம் பாலிமர், ராஜ் டிவி மாதிரியான சுத்த உள்ளூர்ச் சேனல்கள் இந்தி சீரியல்களை டப்பிங் செய்து போட்டு ஓட்டின. ராஜ் டிவியில் 'மண் வாசனை' என்று ஓடியது ராஜஸ்தான் கதை. பெயர்ப்பலகை நம்முடையது, சரக்கு வடக்கிலிருந்து.

சரக்கு எதிர்த்திசையிலும் போகிறது. விஜய்யின் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2018-இல் தொடங்கியது: மளிகைக்கடை, அண்ணன் தம்பிகள், கொழுந்தன்களைப் பெற்ற பிள்ளைகளாக வளர்த்த அண்ணி தனம். ஸ்டார் இந்தக் கதையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. தெலுங்கில் 'வதினம்மா', கன்னடத்தில் 'வரலட்சுமி ஸ்டோர்ஸ்', மலையாளத்தில் 'சாந்த்வனம்', இந்தியில் 'பாண்டியா ஸ்டோர்'. இந்திக் கடை குஜராத்தின் சோமநாதபுரத்தில் இருந்தது. கதை ஒன்றுதான், ஆனால் கடைக்காரர் ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரர். சீரியலுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் சேனல் பெயரில் மட்டும் ஏன் அவசரப்படுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

தனியாரை விடுங்கள். 2024 ஜனவரியில் பிரதமர் சென்னைக்கு வந்தபோது தூர்தர்ஷனின் பொதிகை, 'டிடி தமிழ்' ஆனது. கால் நூற்றாண்டை நெருங்கிய பெயர், அகத்தியர் மலையின் பெயர். கன்னடத்தில் சந்தனாவும் மராத்தியில் சஹ்யாத்ரியும் இருக்க, பொதிகையை எடுத்தது வீண் வேலை என்பது என் கட்சி. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் போனதே என்று வருந்தியவர்களில் முந்தின வாரம் பொதிகை பார்த்தவர்கள் எத்தனை பேர்? நல்ல பெயரால் மட்டும் ஆளை உட்கார வைக்க முடியாது. 'ஒலியும் ஒளியும்' காலத்தில் வெள்ளிக்கிழமை தெருவைக் காலியாக்கிய அதே நிலையம்தான் இது. அப்போது பொதிகை என்ற பெயர்கூட அதற்கு இல்லை.

இப்போது செல்போனில் பார்க்கிறவர்கள் சீரியல் பெயரைத்தான் தேடுகிறார்கள், சேனலை அல்ல. சன் மட்டும் தன் சரக்கை 2017-இல் தொடங்கிய சன் நெக்ஸ்ட்டில் வைத்திருக்கிறது. விஜய் சீரியல்கள் ஜியோஹாட்ஸ்டாரில் நாடு முழுவதற்குமான நிகழ்ச்சிகளோடு நிற்கின்றன. 2024 நவம்பரில் ஸ்டாரும், கலர்ஸை நடத்திய வயாகாம்18-உம் இணைந்ததில் விஜய்யும் கலர்ஸ் தமிழும் ஒரே முதலாளியின் சொத்தாகிவிட்டன. 17 ரூபாய்ப் பெயரும் 3 ரூபாய்ப் பெயரும் ஒரே கல்லாவில். இரண்டில் ஒன்றுதான் என்ற நிலை வந்தால் எது போகும் என்று பந்தயம் கட்ட ஆள் கிடைக்காது.