நட்டை முடுக்க ஒரு கணக்கு

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் லாரிக்கு வீல் நட்டு முடுக்குவதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஸ்பேனரில் நீளமாக ஒரு பைப்பைச் செருகி, அதன் நுனியில் ஆள் ஏறி ஒரு மிதி. முரட்டு வேலைதான், ஆனால் அதற்குள்ளும் கணக்கு இருக்கிறது. கொடுக்கும் விசையைக் கைப்பிடி நீளத்தால் பெருக்கினால் வருவது முறுக்குவிசை. அதன் அலகு நியூட்டன் மீட்டர். பெரிய லாரியின் வீல் நட்டு கேட்பது சுமார் 600. படுக்கையாக இருக்கும் 1 மீட்டர் பைப்பின் நுனியில் 60 கிலோ ஆள் அசையாமல் நின்றால் ஏறக்குறைய 590 வந்துவிடும்! 80 கிலோ ஆள் நின்றால் 785. குதித்தால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

இந்தக் குத்துமதிப்பை ஒழிக்க வந்தது டார்க் ரெஞ்ச். 1918-ல் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் இருந்த கான்ராட் பார் இதை உருவாக்கியவராக அறியப்படுகிறார். குழாய் இணைப்புகளின் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மீறி முடுக்கிக் கெடுப்பதே அவருக்கு இருந்த தலைவலி. இன்று பட்டறைகளில் அதிகம் புழங்கும் வகையின் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. கைப்பிடியைத் திருகி அளவு வைக்கும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. அது ஒரு சிறு கட்டையைத் தள்ளி, ரெஞ்சுத் தலையின் வாலை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. வைத்த அளவை எட்டியதும் கட்டை சரிகிறது, வால் குழாய்ச் சுவரில் மோதுகிறது. ‘டக்’! காது கேட்காவிட்டாலும் உள்ளங்கைக்குத் தெரியும். ஆனால் ரெஞ்ச் அத்தோடு நம்மைத் தடுத்து நிறுத்தாது. டக்கென்ற பிறகும் இழுத்தால் நட்டு மேலும் இறுகத்தான் செய்யும்.

கொடுக்கிற 600-ம் பிடிமானமாக மாறுவதில்லை என்பதுதான் விநோதம். சுமார் பாதி, நட்டின் அடிப்பரப்பு உரசுவதிலேயே தீர்ந்துபோகிறது. மரைக்குள் இன்னொரு 40 விழுக்காடு போகிறது. மிஞ்சும் 10 விழுக்காடுதான் நட்டு ஏறும் ஸ்டட்டை இழுத்து நீட்டுகிறது. ஆம், அந்தத் தடித்த இரும்பு மயிரிழை அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும்; அந்த இழுப்பே ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. சரக்கின் பாரத்தை ஸ்டட்டுகள் நேராகச் சுமப்பதாக நினைக்கிறோம். ஒழுங்காக முடுக்கிய சக்கரத்தில் ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே உள்ள உராய்வுதான் பெரும்பாலும் சுமக்கிறது. தீக்குச்சி உரசிப் பிழைக்கும் சீமைக்கு உராய்வின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரையில் ஆயில் தடவினால் உரசல் குறையும். அதே 600-க்கு ஸ்டட் கூடுதலாக நீளும், அறுந்தும் போகலாம். ஆகவே ஆயில் போடலாமா கூடாதா என்பதில் வண்டிக் கம்பெனியின் புத்தகம் சொல்வதே சட்டம். துருவும் பெயின்ட்டும் நசுங்கி அமர்ந்தால் பிடி தளரும் என்பதால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். சிவகாசியில் சக்கரம் மாட்டி வடக்கே போகிற வண்டிக்கு அது மதுரைப் பக்கம் வரும்.

லாரியின் பின்பக்கம் ஜோடி டயர். வெளி ரிம் உள்நோக்கிக் குழிந்திருப்பதால் நட்டுகள் ஆழத்தில் கிடக்கும். சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் ராடு போட்டே ஆக வேண்டும். ஒரு அடி ராடு போட்டால் அளவைக் கூட்டுவதா, குறைப்பதா? இரண்டும் வேண்டாம். ராடு நட்டின் அச்சிலேயே நீள்கிறது. அச்சிலிருந்து கை இருக்கும் தூரம் மாறவில்லை. ராடு லேசாக முறுக்கிக்கொள்ளும், கை சற்று அதிகம் நகர வேண்டியிருக்கும். ஆனால் இந்த முனையில் கொடுத்த 600 அந்த முனையில் 600-ஆகவே போய்ச் சேரும். ராடு சாயாமல் இருந்தால் சரி. அதற்குத்தான் ரெஞ்சுத் தலைக்கு அடியில் ஒரு ஸ்டாண்டு.

காற்றழுத்தத்தில் நட்டைத் திருகும் ஏர் கன் விஷயம் வேறு. அது இழுப்பதில்லை, சம்மட்டி போலத் தட்டித் தட்டித் திருப்புகிறது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பங்கை, முறுக்கிக்கொள்ளும் ராடே விழுங்கிவிடும். யாரோ ஒரு கெட்டிக்காரர் இந்தக் குறையையே கருவியாக்கிவிட்டார். கணக்கிட்ட தடிமனில் செய்த டார்க் ஸ்டிக் என்ற ராடு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நட்டுக்குப் பெரிதாக எதையும் கடத்தாது. கடைசி முடுக்குக்கு அதை நம்பக் கூடாது; அதற்கு டார்க் ரெஞ்சுதான்.

உண்மையான வேடிக்கை டீசல் இன்ஜெக்டர் பைப்பில் இருக்கிறது. நட்டின் நடுவே பைப் ஓடுவதால் சாக்கெட் மாட்ட வழியில்லை. வாய் திறந்த ‘குரோ ஃபுட்’, அதாவது காக்கைக்கால் என்ற துண்டை ரெஞ்சின் முனையில் மாட்டிப் பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். இப்போது நட்டு ரெஞ்சுத் தலைக்கு நேர் கீழே இல்லை, சற்றுத் தள்ளி இருக்கிறது. ரெஞ்சுக்கு இது தெரியாது. தன் தலையில் விழுவதை மட்டுமே அது அளக்கும். தலையிலிருந்து பிடி வரை 30 சென்டிமீட்டர், அதே நேர்கோட்டில் முன்னோக்கிக் காக்கைக்கால் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தலை 30 நியூட்டன் மீட்டரில் ‘டக்’ என்னும்போது நட்டுக்குப் போனது 35. நட்டுக்கு 30-தான் வேண்டுமென்றால், 30-ஐ முப்பதால் பெருக்கி 35-ஆல் வகுத்து, 25.7 வைக்க வேண்டும்.

அதே துண்டை ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டுங்கள்: திருத்தமே தேவையில்லை, 30 வைத்தால் 30. பிடி இருக்கும் பக்கமே திரும்பும்படி பின்னோக்கி மாட்டினால் நெம்பும் நீளம் 25 ஆகக் குறைகிறது. இப்போது 36 வைக்க வேண்டும். ஒரே துண்டு, ஒரே நட்டு, மூன்று அளவுகள்!

இன்னொன்று. துண்டு எதுவும் இல்லாதபோது கை சற்று முன்பின் இருந்தாலும் ‘டக்’ ஏறக்குறைய அதே முறுக்குவிசையில்தான் வரும். காக்கைக்காலை நேராக மாட்டியதும் அந்தச் சலுகை போய்விடுகிறது. 25.7 வைத்துவிட்டு, இடம் போதவில்லையென்று 20 சென்டிமீட்டரில் பிடித்து இழுத்தால் நட்டுக்கு 32 போகும். பல ரெஞ்சுகளின் கைப்பிடி நடுவில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். நடுவிரல் அதன்மேல் இருக்க வேண்டும்.