தொழில் தெரிதலும் துணைநிற்றலும்

விழா மலருக்குத் தமிழிலக்கியம் பற்றி ஒரு கட்டுரை தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டனர். இலக்கியம் பற்றி எழுத வல்லார் நம்மிடையே பலர் உளர். நான் எழுதப் புகுவது, உயர்தரப் பரீட்சை முடிவு வெளிவந்த மறுநாள் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நிற்கும் பிள்ளையைப் பற்றியது. “சேர், இனி என்ன செய்வது?” என்று அவன் கேட்கின்றான். இலக்கணத்தில் எழும் ஐயங்களுக்குத் தயங்காது விடை கூறும் நான், இக்கேள்விக்குப் பன்முறை தவறான விடையே கூறியிருக்கின்றேன்.

கொச்சிக்கடையிலிருந்து வந்து நம் கல்லூரியிற் படித்த மாணவன் ஒருவன். அவன் தந்தையார் செட்டியார் தெருவில் நகைப்பட்டறையொன்றில் வேலை செய்பவர். மகனை எந்திரவியலாளனாகக் காணவேண்டும் என்பது அவர் ஆசை. பையன் கணிதப் பிரிவிற் சேர்ந்து இருமுறை பரீட்சை எழுதினான். இருமுறையும் சித்தியடைந்தானேயன்றிக் கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளியை எட்டினானல்லன். மூன்றாம் முறையும் எழுதுவதா என்று கேட்க என்னிடம் வந்தான். நான் முயற்சியின் பெருமையை அரைமணி நேரம் எடுத்தோதினேன். மேற்கோள்கள் தாமாகவே வந்து விழுந்தன. அவன் பேசியவை இரண்டே வாக்கியங்கள். மூன்றாம் முறையும் எழுதினான். பெறுபேறு முன்னையதினும் தாழ்ந்தது. ஓராண்டும் போயிற்று, ரியூட்டரிக்குத் தந்தையார் கட்டிய பணமும் போயிற்று. பையன் மாதக்கணக்காக வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்று பொன்னம்பலவாணேசுவரர் கோயிலிற் கண்டபோது அவன் தாயார் சொன்னார். என்னைக் குறைகூறி ஒரு சொல்லும் சொன்னாரல்லர். அதுவே எனக்குப் போதுமானதாயிருந்தது.

ஊக்குவித்தல் வேறு, வழிகாட்டல் வேறு என்பதை அதன் பின்னரே கற்கத் தொடங்கினேன். ஆசிரியர் பயிற்சித் தராதரப் பத்திரம் பெற்றவன் நான். பாடம் படிப்பிக்கும் முறையெல்லாம் அறிவேன். ஆனால், ஒருவன் தன் வாழ்க்கைத் தொழிலைத் தெரிவதற்குத் துணைநிற்பதும் முறைப்படி பயிலவேண்டிய ஒரு பணி என்பதை அறிந்திருக்கவில்லை. அதனை அவ்வாறு முதலில் அமைத்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான பிராங் பார்சன்ஸ். இவர் 1908ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரில் தொழில் வழிகாட்டும் நிலையமொன்றைத் தொடக்கினார். பிற நாடுகளிலிருந்து வந்த ஏழைமக்கள் நெருங்கிக் குடியிருந்த, துறைமுகத்தை அண்டிய பகுதி அது. கொச்சிக்கடையை அறிந்தவர்கள் அவ்விடத்தை மனத்திற் காண்பது அரிதன்று. பார்சன்ஸ் தாமும் எந்திரவியல் கற்று, பள்ளியிற் படிப்பித்து, சட்டத்தரணியாகிப் பின் பேராசிரியராயும் இருந்தவர். தொழில் மாறுவதன் இடர்களை நூலிற் படித்தறிந்தவரல்லர். அதே ஆண்டில் அவர் காலமானார். அவர் எழுதிய நூல் 1909இல் வெளிவந்தது. தன்னை அறிதல், தொழில்களின் இயல்பை அறிதல், இவ்விரண்டையும் பொருத்தி ஆராய்தல் என்னும் மூன்றுமே அவர் கொள்கையின் சாரம்.

இதிலே நமக்குப் புதியது யாது என்று தமிழறிந்தோர் கேட்கலாம். திருக்குறளின் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை; அதனையடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என ஒரு நிரையே நிற்கின்றது. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. இவையெல்லாம் அரசியலில் அமைந்தவை. வினைக்கேற்ற ஆளைத் தேடும் அரசனுக்கு உரைத்தவை. பார்சன்ஸ் எடுத்துக்கொண்ட கேள்வியோ, ஆளுக்கேற்ற வினையைத் தேடுவது. தந்தையின் தொழிலை மகன் செய்துவந்த காலத்தில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. இன்று தெரியும் பொறுப்பு பிள்ளையிடம் வந்துவிட்டது. ஆனால் அரசனின் ஆசனத்தில் இன்னமும் தந்தையரே இருக்கின்றனர். பக்கத்தில் அமைச்சராக நாம் ஆசிரியர்மார் நிற்கின்றோம்.

வழிகாட்டுவோன் விடையைக் கையிற் கொடுப்பவனல்லன் என்பதே பின்வந்த அறிஞர் பலரின் கருத்து. கார்ல் ரொஜர்ஸ் என்னும் உளவியலாளர் 1942இல் எழுதிய நூலில், ஆலோசகன் அறிவுரையைக் குறைத்து, வந்தவன் சொல்வதைக் கேட்பதையே தன் கடமையாகக் கொள்ளவேண்டும் என்று வாதிட்டார். டென்னிஸ் பயிற்றுநரான திமொதி கால்வே 1974இல் வெளியிட்ட நூலும் அதே திசையிற் செல்கின்றது: ஓயாமற் கட்டளையிடுவதை விட, பந்தை நன்றாகக் கவனிக்கச் செய்வது ஆட்டக்காரனைத் திருத்துகின்றது என அவர் கண்டார். இன்று உத்தியோகத்தருக்கும் வணிகருக்கும் அளிக்கப்படும் தனிப்பயிற்சி முறைகள் பல இதிலிருந்து கிளைத்தவை.

அந்தப் பையனை மீண்டும் அழைத்தேன். இம்முறை மேற்கோள் இல்லை. நேரம் போவது தெரியாமல் நீ செய்த வேலை எது என்று கேட்டுவிட்டு வாய்மூடி இருந்தேன். ஆசிரியனுக்கு அஃது எளிதன்று. வெகுநேரங் கழித்து, பட்டறையில் பழுதான இலத்திரன் தராசைத் தானே கழற்றிப் பூட்டியதைச் சொன்னான். பிறகு அயல்வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி; பிறகு மின்விசிறிகள். சூத்திரங்களை மனனஞ் செய்யும்போது வராத ஒளி அவன் முகத்தில் வந்தது. “அதெல்லாம் ஒரு படிப்பா, சேர்?” என்று அவனே முடித்தான்.

அதுவும் ஒரு படிப்புத்தான் என்பதை நம்மவர் அறிவதில்லை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று பழகிய சமூகம் நாம். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டப்படியும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. கொழும்புப் பிள்ளைகளின் போட்டி எத்தகையதென்று விளக்கவேண்டுவதில்லை. மறுபுறத்தில், தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களாக உள்ளது: முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இரத்மலானையில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுந்த தொழிற்றுறைப் பல்கலைக்கழகமும் இவ்வழிக்கு உரியது. பாடநெறியிற் சேருமுன், அந்நிறுவனம் மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதியப்பெற்றதா என்று பார்ப்பது கட்டாயம்.

நம் பழைய மாணவர் ஒருவர் பெரிய கட்டடங்களின் குளிரூட்டிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவர். அவரிடம் பையனை அனுப்பினேன். அவர் இரண்டு கிழமை அவனைத் தம்முடன் மொட்டைமாடிகளில் ஏற்றி இறக்கினார். வருமானத்தையும் மறையாது சொன்னார். வெயிலையும் முதுகுவலியையும் மறையாது சொன்னார். அறிவுரை ஒன்றும் சொன்னாரில்லை. என் அரைமணி நேரப் பிரசங்கத்திலும் அந்த இரண்டு கிழமையே பயன்பட்டது.

தந்தையார் இசையவில்லை. “நெருப்புக்கு முன்னால் இருந்து நான் பட்டது காணும், சேர். கைத்தொழில் என்னோடு போகட்டும்” என்றார். அவ்வார்த்தையில் நியாயமில்லை என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. மூன்று வருடக் கணிதமும் வீண்தானா என்று அவர் கேட்டதற்கு மட்டும் விடை இருந்தது. 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர், 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் பெற்றார், விஞ்ஞானம் படிப்பித்தார், 1924இல் துறவு பூண்டார், 1931இல் அண்ணாமலையிலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த யாழ்நூலைப் புரட்டிப் பார்த்தவர்கள் அறிவர், அவர் கற்ற கணிதமும் பௌதிகமும் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை. இதைத் தந்தையாரிடம் சொன்னேன். அவர் தலையசைத்தாரேயன்றி உடன்பட்டாரோ என்று அறியேன். பையன் நான்காம் மட்டப் பாடநெறியிற் சேர்ந்தான். சேர்ந்த நாளிலே தந்தையாரும் கூடவே வந்திருந்தார்.

பணம் பெற்று வாழ்க்கைக்கு வழிகாட்டுவோர் இன்று பலர் தோன்றியுள்ளனர். நல்லோரும் உளர். எங்கே பயின்றார், எத்தனை சந்திப்புக்கு எவ்வளவு கட்டணம் என்பவற்றை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெற்றிக்கு உத்தரவாதம் தருபவரிடம் செல்லவேண்டா. சோர்வு மிகுந்து உறக்கமும் உணவும் ஒழிந்த பிள்ளைக்கு வேண்டியவர் தொழில் வழிகாட்டியல்லர், வைத்தியர். இதனை நான் சிறிது பிந்தியே உணர்ந்தேன்.

ஆசிரியர் அறை அலுமாரியில் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கின்றேன். தம் தொழிலைப் பற்றி ஒரு மாணவனுடன் ஒரு மாலைப்பொழுது ஒளிவுமறைவின்றிப் பேச இசைந்த பழைய மாணவர்களின் பெயரும் தொழிலும் அதில் உள்ளன. கணக்காளர், வைத்தியர், வங்கி முகாமையாளர் போதிய அளவில் உள்ளனர். அச்சுத்தொழிலார், கப்பற்றுறையினர், மின்வேலை செய்வோர் வேண்டும். எடுத்த தொழிலை இடையில் விட்டு வேறொன்றிற் புகுந்தவர்கள் ஒருவர்கூட இன்னமும் பெயர் தரவில்லை. விழாவன்று கொப்பியை மண்டப வாயில் மேசையில் வைப்பேன்.