உப்பு வாங்கப் போனார்கள்

2011 மார்ச் 17-ம் தேதி சீனாவில் பல ஊர்களில் கடைக்குப் போனால் உப்பு இல்லை. அரிசி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, உப்பு மட்டும் காலி. க்யூவில் நின்று ஐந்து பாக்கெட், பத்து பாக்கெட் என்று அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வூஹானில் ஒருத்தர் ஆறரை டன் வாங்கி அடுக்கினார். கிலோ இல்லை ஸார், டன்!

காரணம், பக்கத்து நாடு. மார்ச் 11 மதியம் 2.46-க்கு ஜப்பானில் 9 அளவுள்ள பூகம்பம். ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் சமர்த்தாக நின்றுவிட்டன. ஆனால் அணு உலை ஒரு விசித்திரமான அடுப்பு. அணைத்த பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனது, டீசல் ஜெனரேட்டர் ஓடியது. ஐம்பது நிமிஷம் கழித்து சுமார் 14 மீட்டர் உயரத்துக்கு சுனாமி. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றை எங்கே வைத்திருந்தார்கள்? அடித்தளத்தில்! மூன்று உலைகள் உருகின. 12, 14 தேதிகளில் கட்டடங்கள் வெடித்ததை உலகமே டி.வி.யில் பார்த்தது.

பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நம் விஷயம்.

கசியும் கதிரியக்க அயோடின் தைராய்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முன்பே நல்ல அயோடின் மாத்திரை போட்டு இடத்தை நிரப்பிவிட்டால் தப்பிக்கலாம். சரி, உப்பிலும் அயோடின் இருக்கிறதே? பிடித்தது ஓட்டம். ஒரு மாத்திரைக்கு ஈடான அயோடின் வேண்டுமானால் கிலோ கணக்கில் உப்பைத் தின்ன வேண்டும். கதிர்வீச்சுக்கு வேலையே வைக்காமல் உப்பே ஆளை முடித்துவிடும். சில நாளில் புத்தி தெளிந்து, உப்பைத் திருப்பிக் கொடுக்க மறுபடி க்யூ. கடைக்காரர் வாங்குவாரா?

சீனாக்காரனைப் பார்த்து மட்டும் சிரிக்கக் கூடாது. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி கலிஃபோர்னியாவில் மருந்துக் கடைகளில் அயோடின் மாத்திரை தீர்ந்துபோனது. ஆசியா முழுக்க பி.பி.சி. பெயரில் ஒரு டுபாக்கூர் எஸ்.எம்.எஸ். சுற்றியது: மழை பெய்தால் வெளியே வராதே, கழுத்தில் பெட்டாடின் தடவிக்கொள். மணிலாவில் ஒரு பல்கலைக்கழகம் வகுப்பை நிறுத்திப் பையன்களை வீட்டுக்கு அனுப்பியது. எங்கள் ஆபீஸிலும் அது வந்து சேர்ந்தது. "முன் கழுத்துலயா ஸார், பின் கழுத்துலயா?" என்று அக்கவுன்ட்ஸ் நண்பர் சீரியஸாகக் கேட்டார்.

ஜெர்மனி தன் உலைகளை மூட முடிவெடுத்ததும், நம் கூடங்குளத்துக்கு எதிராக இடிந்தகரையில் பந்தல் போட்டதும் தனிக் கதை. அவை பீதி அல்ல, அரசியல்.

இனி சிரிப்புக்கு இடமில்லை. உலைக்குப் பக்கத்தில் நாமியே என்ற ஊர். வெளியேறச் சொன்னதும் ஜனங்கள் வடமேற்கே மலைப் பக்கம் சுஷிமா என்ற பகுதிக்குப் போனார்கள். தள்ளி இருக்கிறது, பத்திரம் என்று எண்ணம். குழந்தைகள் வெளியே விளையாடினார்கள். ஓடைத் தண்ணீரில் சோறு வடித்தார்கள். காற்று கதிரியக்கத்தை சுமந்துகொண்டு போனதும் அதே திசையில்தான்.

காற்று எந்தப் பக்கம் வீசும் என்று கணக்குப் போட அரசாங்கத்திடம் 'ஸ்பீடி' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு இருந்தது. கணக்கும் போட்டது. அந்த ஊருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. முதல் படம் வெளியே வந்தது மார்ச் 23-ல். ஜனங்கள் பீதி அடைவார்களே என்ற தயக்கமும் ஒரு காரணம் என்று பிரதமரின் ஆலோசகர் ஹோசோனோ கோஷி பிற்பாடு ஒப்புக்கொண்டார். நாமியே மேயரோ இதைக் கொலைக்குச் சமம் என்றார். எனக்கு அவர் கோபம் புரிகிறது. சீனாவில் ஒருத்தரிடம் ஆறரை டன் உப்பு, உலைக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வரைபடம்கூட இல்லை!

சொன்னால் ஜனங்கள் என்னதான் செய்வார்கள்? அதே 23-ம் தேதி டோக்கியோவில் சொன்னார்கள். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 210 பெக்கரல் அயோடின், கைக்குழந்தைக்கு வரம்பு 100, கொடுக்காதீர்கள் என்று. கடைகளில் பாட்டில் தண்ணீர் காலியானது வாஸ்தவம். மாநகர அரசு 80,000 குழந்தைகளுக்கு ஆளுக்கு மூன்று பாட்டில் கொடுத்தது. மறுநாள் அளவு இறங்கியது, தடையும் போனது. ஊர் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

அவசரமாக ஓடியதற்கும் விலை உண்டு. ஃபுகுஷிமா மாகாணத்தில் பூகம்பமும் சுனாமியும் நேரடியாகக் கொன்றது சுமார் 1,600 பேரை. வெளியேறிய அலைச்சலிலும் முகாம் வாழ்க்கையிலும் நொந்து இறந்தவர்கள் 2,300-க்கு மேல். பெரும்பாலும் வயசானவர்கள். பிழைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. யோகோஹாமாவுக்குக் குடிபோன ஒரு சிறுவனை சக மாணவர்கள் 'கிருமி' என்று கூப்பிட்டார்கள். உங்களுக்குத்தான் நஷ்டஈடு வந்திருக்குமே என்று சொல்லி அவனிடம் லட்சக்கணக்கான யென் பறித்த விஷயம் 2016-ல் வெளியே வந்தது.

அந்த 2011-லேயே யமடா யசுதெரு என்ற 72 வயது ரிட்டயர்டு இன்ஜினீயர் வேறு ஒரு கணக்குப் போட்டார். கதிர்வீச்சால் புற்றுநோய் வர இருபது, முப்பது வருஷம் ஆகலாம். தனக்கு அவ்வளவு பாக்கி இல்லை. ஆகவே உலைக்குள் இளைஞர்களை அனுப்பாதே, கிழவர்களை அனுப்பு. அறுபது தாண்டியவர்கள் இருநூறு பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். வெல்டர், கிரேன் ஆபரேட்டர், அணுமின் நிலையத்திலேயே குப்பை கொட்டியவர்கள். சமையல்காரரும் பாடகரும்கூட உண்டு. அவ்வளவு பேர் வேலை செய்யும்போது சாப்பாடும் பாட்டும் வேண்டாமா?