கைராசியா, கைப்பழக்கமா?

"அவருக்கு வியாபாரம் ரத்தத்திலேயே ஊறியது, நமக்கெல்லாம் அது வராது" என்று சொல்பவர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு மாதத்தில் தேறாவிட்டால், "இவனுக்குக் கைராசி இல்லை" என்று கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறோம். பெற்ற மகனையே "நீ இதற்கு லாயக்கில்லை" என்று ஒதுக்கிவிட்டு, பிற்காலத்தில் கடையைக் கவனிக்க ஆளில்லையே என்று வருந்துவோரும் நம்மில் உண்டு. இந்தத் தீர்ப்பு சரிதானா? பிறவியில் வருவது எது, பழக்கத்தில் வருவது எது என்று சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

பிறவியில் வருவது இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 1931-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலார் ஒரு தூளைக் கையாண்டுகொண்டிருந்தார். தூசி பறந்து பக்கத்திலிருந்தவர் "கசக்கிறது" என்றார். ஃபாக்ஸின் நாக்குக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை! இந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து வருவது என்று பின்னர் தெரிந்தது. அதுபோலவே சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணுடையவர்களும், குறிப்பாக ஆண்களில், சிலர் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரை வற்றல் மிளகாய் தரம் பிரிக்க உட்காரவைத்துத் திட்டினால் பயனில்லை. வேறு வேலை கொடுப்பதே முறை.

ஆனால் நாம் 'பிறவி' என்று நினைக்கும் பல திறமைகள் பழக்கத்தால் வந்தவையே. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சாதாரண மாணவர் ஒருவரை வைத்து ஒரு சோதனை நடத்தி, 1980-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு முறை வாசித்த எண்களில் ஏழு இலக்கங்களைத்தான் அவரால் முதலில் திருப்பிச் சொல்ல முடிந்தது. சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பின் 79 இலக்கங்களைச் சொன்னார். அவர் ஓட்டக்காரர்; எண்களைப் பந்தய நேரங்களாக மாற்றி மனதில் பதித்துக்கொண்டார். ஆனால் எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது பழையபடி ஆறு எழுத்துகளோடு நின்றுவிட்டார். எதைப் பழகினாரோ அது மட்டுமே அவருக்கு வந்தது.

பயிற்சி ஒன்றே போதும் என்பதும் தவறு. 2014-இல் மூன்று ஆய்வாளர்கள் 88 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 26 சதவீதமும், இசையில் 21 சதவீதமும்தான் பயிற்சியின் அளவைப் பொறுத்தது என்று கண்டார்கள். மீதி வேறு காரணங்கள். ஆனாலும் நம் கையில் இருப்பது பயிற்சி ஒன்றுதானே!

இனி நம் கடைக்கு வருவோம். அனுபவசாலி முறத்திலிருந்து அள்ளிப் போட்டால் தராசு முள் நடுவில் நிற்கிறது. இதைக் கைராசி என்கிறோம். அவர் ஒவ்வொரு முறை அள்ளும்போதும் கூடவா, குறைவா என்று தராசு உடனே சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தராசுதான் அவருக்கு ஆசிரியர். நம்மில் பலர் சிறுவயதில் அப்பாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் விலை பேசுவதைக் கேட்டு வளர்ந்தோம். அந்த ஆண்டுகளை மறந்துவிட்டு 'ரத்தம்' என்கிறோம். புதுப் பையனுக்கோ முப்பதே நாள் தருகிறோம். அதிலும் அவன் தடுமாறினால் கரண்டியைப் பிடுங்கி நாமே போட்டுவிடுகிறோம்!

ஆகவே மூன்று யோசனைகள். முதலாவது, எடை போடுமுன் எவ்வளவு இருக்கும் என்று பையனையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு தராசில் வைத்துக் காட்டுங்கள். இரண்டாவது, சரக்கு பார்க்கப் பழக்கும்போது நல்லதையும் மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த துவரம்பருப்பில் இரண்டைக் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்ததற்கும் ஈரப்பதம் உள்ளதற்கும் பல்லே வித்தியாசம் சொல்லும். மூன்றாவது, கடன் கொடுப்பது. இதில் சரியா தவறா என்பது தெரியவே மாதங்கள் ஆகும். அதனால்தான் இருபது வருட வியாபாரிகூட ஏமாறுகிறார். கடன் எழுதும்போதே 'எப்போது திரும்பும்' என்ற நம் கணிப்பையும் ஓரத்தில் குறித்து, வரவு வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஆளை எடைபோடும் பழக்கமும் வரும்.

பொட்டலம் கட்டுவதில் கெட்டிக்காரன் கொள்முதலிலும் கெட்டிக்காரனாக இருப்பான் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்றுத்தர வேண்டும்.

அடுத்த முறை ஒருவரைப் பார்த்து "இவனுக்கு வராது" என்று சொல்ல வாயெடுக்கும்போது, "நாம் சொல்லிக் கொடுத்தோமா?" என்று ஒரு நிமிடம் நம்மையே கேட்டுக்கொள்வோம். நமக்குப் பின் கடை நிலைப்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.