முகச் சிவப்பெல்லாம் பரு அல்ல

கல்முனை, சாய்ந்தமருது பக்கம் கரைவலை இழுப்பவர்களும் வயலில் நிற்பவர்களும் முகம் எரிந்தால் "வெயில் சுட்டது" என்று விட்டுவிடுவார்கள். அந்த எரிவு மாதக்கணக்கில் தணியாமல், கன்னத்திலும் மூக்கிலும் சின்னக் கொப்புளங்களும் வந்தால் அது ரோசேசியாவாக இருக்கலாம். பெரும்பாலும் 30 வயதுக்குப் பிறகு தொடங்கும் நாட்பட்ட தோல் அழற்சி இது. தொற்றாது.

நம் நிறத்தில் தெரியாத சிவப்பு

மருத்துவ நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் முகங்கள். மாநிறத்தில் அந்தச் சிவப்பு மங்கிய கபில நிறமாகத்தான் தெரியும். ஆகவே கண்ணை நம்பாமல், நோயாளி சொல்வதைக் கேட்க வேண்டும்: வெயில், சூடான பிளேன்டீ, உறைப்புக் கறி, இவற்றுக்குப் பிறகு முகம் கொதிக்கிறதா? பருவில் இருக்கும் கருமுனை இதில் இராது. ஆண்கள் சிலருக்கு மூக்குத் தோல் தடிக்கும். கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தினால் தாமதிக்க வேண்டாம். இந்நோய் கண்ணையும் தாக்கும்.

நுணுக்குக்காட்டியில்

வழக்கமான ரோசேசியாவைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஐயம் இருந்தால்தான் சிறு தோல் துண்டு எடுப்பார்கள். விரிந்த நுண் இரத்தக் குழாய்கள், அவற்றையும் மயிர்க்கால்களையும் சூழ்ந்த வெண்குருதிக் கலங்கள், மயிர்க்காலுக்குள் டெமோடெக்ஸ் என்ற உண்ணி ஆகியவை தெரியும். 1842இல் குஸ்தாவ் சைமன் விவரித்த இந்த உண்ணி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் முகத்திலும் வாழ்வதுதான். இந்நோயில் எண்ணிக்கை கூடுகிறது. சிலருக்கு அழற்சிக் கலங்கள் திரண்டு கட்டிகளாகும். காசநோயிலும் தொழுநோயிலும் இதே தோற்றம் வரும் என்பதால் கிருமியைத் தேடியும் பார்ப்பார்கள். "தோல் வெட்டி எடுக்கணும்" என்றதும் மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலை நினைவுக்கு வந்து பயப்படுகிறவர்கள் உண்டு. தொழுநோய் இல்லை என்று உறுதி செய்யவும் அதே பரிசோதனைதான் உதவுகிறது. தொழுநோயாகவே இருந்தாலும் மருந்தால் முழுமையாகக் குணமாகும்.

பாமசிக் கிறீம்

என் கோபம் இதில்தான். கல்யாணத்துக்கோ பெருநாளுக்கோ முகம் வெளுக்க வேண்டுமென்று பீட்டாமெதசோன், குளோபீட்டசோல் ஆகிய ஸ்டீரொயிட் மருந்துகள் கலந்த கிறீம்களைச் சீட்டின்றி வாங்கிப் பூசுகிறார்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்றிருக்கும். பூசப் பூசத் தோல் மெலிந்து, நிறுத்தியதும் எரிவும் கொப்புளமும் முன்னைவிட மோசமாகும். ரோசேசியா இல்லாதவருக்கும் அதே தோற்றத்தை இந்தக் கிறீமே உண்டாக்கிவிடும்.

சிகிச்சை

மெட்ரோனிடசோல் ஜெல், ஐவர்மெக்டின் கிறீம், தேவைப்பட்டால் டொக்சிசைக்ளின் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு டொக்சிசைக்ளின் ஆகாது, முன்கூட்டியே சொல்லுங்கள். முழுதாக மறையாவிட்டாலும் நோய் நன்றாகக் கட்டுப்படும். வெயிலில் தொப்பி அவசியம்.

அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டித் தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். போகும்போது, இதுவரை பூசிய கிறீம் டியூப்களை எல்லாம் வெட்கப்படாமல் கையோடு கொண்டு போங்கள்.