ஹந்தானை மலையும் கணினிப் பனியும்

பழைய கணினி விளையாட்டொன்றின் தோற்றத்தை நண்பர்களோடு சேர்ந்து புதுப்பித்து வருவதாகவும், நிழல், ஒளிவட்டம், பனிமூட்டம், லென்ஸ் தெறிப்பு என்று தாங்கள் செய்து வைத்திருக்கும் காட்சி விசேஷங்களுள் எவற்றை டிஃபோல்ட்டாக, அதாவது பயனர் மாற்றாதவரை இயங்கும் அமைப்பாக, வைத்து வெளியிடுவது என்பதில் தங்களுக்குள் இணக்கம் ஏற்படவில்லையென்றும் கட்டுகஸ்தோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அற்ப விஷயமென்று இதை ஒதுக்கிவிட முடியாது. உறுப்புதானத்துக்குத் தாமாக முன்வந்து சம்மதித்தோரை மட்டும் கணக்கிலெடுக்கும் ஜெர்மனியில் சம்மதம் 12 சதவீதமாகவும், மறுத்தோரை மட்டும் நீக்கும் ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கு மேலாகவும் இருந்ததை ஆய்வாளர்களான ஜோன்சனும் கோல்ட்ஸ்டைனும் 2003ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எடுத்துக்காட்டினார்கள். உடலைப் பற்றிய தீர்மானத்திலேயே மனிதர் முன்வைக்கப்பட்டதை அப்படியே ஏற்பார்களாயின், விளையாட்டின் அமைப்புப் பட்டியலைத் திறந்து திருத்துவோர் மிகச் சிலராகவே இருப்பர். எனவே வாசகருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: மற்றவை பிறகு இருக்கட்டும், பனிமூட்டத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

2004இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டின் கோப்புகளுள், எந்த வானிலையில், எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் காட்டுவது, பனி எங்கே தொடங்குவது என்று குறித்த அட்டவணையொன்று உண்டு. இயந்திரத்தின் பலவீனத்தை மறைக்கவே அந்தப் பனி வந்ததெனினும், மூன்று நகரங்களைக் கொண்ட ஒரு மாநிலம் முழுவதும் விரிந்து கிடக்கிறது என்ற பிரமையை நிலைநிறுத்தியதும் அதுவே. 2021இல் புதுமெருகோடு வந்த பதிப்பில் அந்தப் பனி விலகியபோது, மலையுச்சியில் நின்றவர்களுக்கு நகரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது. சைலண்ட் ஹில் 2 விளையாட்டின் 2012ஆம் ஆண்டுப் பதிப்புக்கும் இதே கதி நேர்ந்தது. பின்னர் ரசிகர்கள் பழைய கணினிப் பதிப்பை எடுத்துக்கொண்டு உருவாக்கிய ‘என்ஹான்ஸ்ட் எடிஷ’னில் பனியைச் செம்மைப்படுத்துவதற்கென்றே சிரத்தை எடுத்துக்கொண்டார்கள். ‘தெளிவு கூடியது’ என்று விளம்பரம் செய்யும் ஒப்பீட்டுப் படங்களை நான் நம்பத் தயங்குவது இதனாலேயே. தூரத்தை அறிய நம் கண்ணுக்குக் கிடைக்கும் சாட்சியங்களில் முக்கியமான ஒன்றாகிய பனிமூட்டத்தை அழித்துவிட்டு, அந்த அழிவையே அவை தெளிவென்று காட்டுகின்றன.

மழை விட்ட மறுநாட் காலையில் கண்டி வாவிக்கரையில் நின்று ஹந்தானையை நோக்குபவருக்கு, அண்மைச் சரிவில் மரங்கள் தனித்தனியே தெரிய, அதற்கப்பாலுள்ள சரிவு நீலம் கலந்த சாம்பலாகி, சிகரம் வானத்தோடு கலந்துபோகும் நிலையில் இருக்கும். உங்களுக்கும் மலைக்கும் இடையே நூறு மீற்றருக்கு ஒன்றாக நுளம்புவலைகளைத் தொங்கவிட்டிருப்பதாகவும், ஒவ்வொரு வலையும் தன்னிடம் வரும் ஒளியில் பாதியை மட்டுமே விடுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வலைக்குப் பின் பாதி, இரண்டாவதன் பின் கால், மூன்றாவதன் பின் அரைக்கால் என்று மலையின் ஒளி குறைந்துகொண்டே வந்தும் ஒருநாளும் பூச்சியமாவதில்லை. அதே சமயத்தில், வெயில் பட்ட வலை வெண்மையாகத் தெரிவதுபோல, இடையிலுள்ள காற்றும் தன்னொளியைச் சேர்க்கிறது. காலையில் வெண்மையாகவும் அந்தியில் செம்மையாகவும் இருக்கும் அந்த ஒளிதான் இழந்த பங்கை ஈடுசெய்கிறது. பஹிரவகந்த குன்றின் மேலுள்ள வெண்ணிறப் புத்தர் சிலை, அதன் அடியிலுள்ள கருமரங்களுக்கு முன்னதாகவே பனியில் கரைந்துபோவதற்குக் காரணமும் இதுவே. வலையின் நிறமும் சிலையின் நிறமும் ஒன்றாக இருக்கையில் பிரித்தறிய என்ன மிஞ்சும்?

சரித்திரத்தில் அதிகம் தங்க வேண்டியதில்லை. அறிஞர் புகேர் 1729இலேயே ஒளி தேயும் இந்த விதியைக் கண்டார். ஆய்வாளர் கோஷ்மீடர் 1924இல், பொருளுக்கும் பின்னணிக்குமுள்ள ஒளி வேறுபாடு நூற்றில் இரண்டாகக் குறையுமிடத்தையே பார்வையின் எல்லையாகக் கொண்டு கணித்தார். நமது வலைகளில் ஐந்தரைக்குச் சற்று மேற்பட்டவை அந்த எல்லையைத் தந்துவிடும்: நூறு மீற்றருக்கு ஒளி பாதியானால், ஏறக்குறைய 564 மீற்றருக்கு அப்பால் கரிய மரமும் தெரியாது.

பழைய விளையாட்டுகள் பல இரண்டு இடங்களில் இவ்விதியை மீறின. ஒன்று, ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் முற்றாக மூடும்படி பனியை நேர்கோட்டில் ஏற்றின. ஆகவே அண்மையில் குற்றமற்ற தெளிவும், சிறிது தள்ளி ஒரு வெள்ளைச் சுவரும் தோன்றின. மற்றது இதனினும் நுட்பமானது, எனக்கு மிகவும் பிரியமானதும்கூட. பொருளுக்கும் கண்ணுக்குமுள்ள மெய்யான தூரத்தை அளக்காமல், திரைக்கு நேர்குத்தான ஆழத்தை மட்டும் அளந்தன. நம்மைச் சுற்றி வட்டவட்டமாகத் தொங்கவேண்டிய நுளம்புவலைகளை, முகத்துக்கு முன்னே தட்டையான வரிசைகளாகக் கட்டி, தலை திரும்புந்தோறும் அவற்றையும் திருப்பியதற்கு இது ஒப்பாகும். திரையின் காட்சிக்கோணம் 90 பாகையாக இருப்பின், அதன் இட வல ஓரங்களில் ஆயிரம் மீற்றருக்கு அப்பாலுள்ள மரம் 707 மீற்றர் தூரத்துப் பனியையே பெறும். ஓரத்தில் தெளிவாகத் தெரிந்த அம்மரத்தைப் பார்க்கவென்று நீங்கள் திரும்பினால், திரும்பிய மாத்திரத்தில் அது பனிக்குள் மறைகிறது. வாவிக்கரையில் எத்தனை முறை தலையைத் திருப்பினாலும் ஹந்தானை அவ்வாறு செய்வதில்லை.

2002இல் வந்த மொரோவிண்ட் விளையாட்டின் இயந்திரத்தைத் தன்னார்வலர்கள் புதிதாக எழுதிய ஓப்பன்எம்டபிள்யூவில் இவ்விரு பிழைகளுக்கும் பரிகாரம் உண்டு: மெய்யான தூரத்தை அளக்கும் வட்டப்பனி, புகேர் விதியைப் பின்பற்றும் அடுக்குக்குறிப் பனி, எல்லையை வானத்தோடு கலக்கும் வசதி. ஆயினும் மூன்றையும் அவர்கள் டிஃபோல்ட்டாக அணைத்தே வைத்திருக்கிறார்கள். மூல விளையாட்டைப் பிசகின்றி மீட்டுத்தருவதே அவர்களுடைய முதல் வாக்குறுதியாதலால் அது நியாயமான முடிவுதான். தோற்றத்தை மேம்படுத்துகிறோம் என்று சொல்லி வெளியிடுவோருக்கு அந்த நியாயம் பொருந்தாது. அவர்கள் மூன்றையும் இயக்கியே கொடுக்கவேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் சில கணிப்புகளோடு முடிந்துவிடும் காரியமாகையால், பழைய கணினி வைத்திருப்பவருக்கும் இது பெரும் பாரமாகாது.

பனியின் அடர்த்தியைக் கண்மதிப்பில் தீர்மானிக்கவும் வேண்டியதில்லை. இயந்திரம் வரைவதை நிறுத்திக் காட்சியை வெட்டும் தூரத்தைக் கொண்டு, நூற்றில் இரண்டு என்ற கோஷ்மீடரின் எல்லை தரும் 3.912ஐ வகுத்தால் கிடைப்பதே அடர்த்தி. 2000 மீற்றரில் காட்சி வெட்டப்படுமானால் ஏறத்தாழ 354 மீற்றருக்கு ஒருமுறை ஒளி பாதியாகும். வெட்டப்படும் இடத்தில் மலையோ மரமோ திடீரென்று முளைப்பதை எவரும் காணமாட்டார்கள். மலைநாட்டு வைகறையைக் காட்ட விரும்பினால் அடர்த்தியைக் கூட்டலாம்; இந்த அளவுக்குக் கீழே குறைப்பது மட்டும் தகாது.

ஒளிவட்டத்தைப் பொறுத்தவரை, கூசும் வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சற்றுச் சிதறுவது உண்மையாதலால், பெரஹரா ஊர்வலத்தின் தீவட்டியைப் போன்ற பிரகாசமான பொருளுக்கு மட்டும் மெல்லியதாக அதை வைக்கலாம். வெள்ளைச் சுவரெல்லாம் ஒளிரத் தொடங்கினால் அது மிகை. லென்ஸ் தெறிப்பையும் ஓரங்களில் நிறம் பிரிவதையும் அணைத்தே வையுங்கள். நிறம் பிரியும் குற்றத்தைக் குறைக்கும் கண்ணாடிக்கு ஒளியியல் கருவி செய்த டொலண்ட் 1758இல் காப்புரிமை பெற்ற நாள்முதல் லென்ஸ் செய்வோர் அதை ஒழிக்கவே பாடுபட்டு வந்திருக்கிறார்கள். காமிராவின் குறையைக் கண்ணின் மீது சுமத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. அவற்றை விரும்புவோருக்காகப் பட்டியலில் இடம் இருக்கட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது என்ன செய்யும் என்பதை ஒரு வரியில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்தால், பட்டியலைத் திறக்கும் அந்தச் சிலருக்காவது அறிந்து தேர்ந்தெடுக்க வழி பிறக்கும்.