ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ நிலக்கரி

கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது வளையமாதேவி. நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தை ஒட்டிய நெல் பூமி. 2023 ஜூலையில் பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டுவதற்காக, நின்றிருந்த பச்சைப் பயிருக்குள் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சியின் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. தமிழ்நாடு முழுக்க அந்த ஊரின் பெயர் அன்றுதான் ஒலித்தது. நிலம், இழப்பீடு, வேலை என்று அதில் பேச எவ்வளவோ உண்டு. இங்கே நான் எடுத்துக்கொள்வது அந்த நிலக்கரியின் மறுமுனையை. அது எரிந்து, மின்சாரமாகி வந்து சேரும் நம் வீட்டு விளக்கை.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ எரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு டன் நிலக்கரியைத் தொடவே, மேலே கிடக்கும் மண்ணில் ஐந்து கன மீட்டருக்கு மேல் அகற்றியாக வேண்டும். படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரையும் இரவு பகலாக இறைக்க வேண்டும். விட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும்.

இனி விளக்குக்கு வருவோம். 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 110 யூனிட். அதே வெளிச்சத்தை 9 வாட் எல்இடி 16 யூனிட்டில் தந்துவிடும். ஒரே ஒரு ஹோல்டரில் மிச்சமாவது 90 கிலோவுக்கு மேற்பட்ட நிலக்கரியும், அதன் தலைமேல் கிடக்கும் அரை கன மீட்டர் மண்ணும். குண்டு பல்பு பெரும்பாலான வீடுகளை விட்டுப் போய்விட்டது, உண்மைதான். ஆனால் பழைய 40 வாட் ட்யூப் லைட்டும், கூடுதலாகப் பத்துப் பதினைந்து வாட்டைத் தின்னும் அதன் செம்புக் கம்பிச் சோக்கும் கடைகளிலும் பட்டறைகளிலும் இன்னும் எரிகின்றன. 20 வாட் எல்இடி ட்யூப் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

எல்இடியில் சூடாக்க இழை கிடையாது. குறைக்கடத்திப் படிகத்தின் இரு வேறு அடுக்குகள் சேரும் இடத்தில் எலக்ட்ரான் ஒரு காலி இடத்தில் விழுகிறது. விழும்போது விடும் ஆற்றல் ஒளியாகிறது. என்ன படிகம் என்பதைப் பொறுத்து நிறம். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிய அதே 1962இல், அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்இடியை எரித்துக் காட்டினார். பிரகாசமான நீலம் வர இன்னும் முப்பது ஆண்டு ஆயிற்று. காலியம் நைட்ரைடில் நல்ல படிகம் வளராது என்று பலரும் கைவிட்ட நிலையில், ஜப்பானின் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவரும் விடவில்லை. 2014இல் இயற்பியல் நோபல் அவர்களுக்கு வந்தது. நம் வீட்டு வெள்ளை விளக்குக்குள் இருப்பதும் நீலச் சில்லுதான். அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியிருக்கிறார்கள். கொஞ்சம் நீலம் அப்படியே தப்பி வருகிறது, மீதி மஞ்சளாக மாறுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை.

இந்த நீலமும் மஞ்சளும் தெரிந்துவிட்டால் பல்பு வாங்குவதில் பாதிச் சந்தேகம் தீரும். மஞ்சள் பாஸ்பரில் சிவப்பு குறைவு. மலிவான பல்பின் கீழே அரக்குப் பட்டுப்புடவை மங்கிப் போவதும், தக்காளி பழசாகத் தெரிவதும், முகம் வெளிறுவதும் அதனால்தான். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்ற எண் உண்டு. வீட்டுக்கு 80 போதும். ஜவுளிக்கடை, நகைக்கடை, தையல் கடைக்கு 90க்குக் குறையக் கூடாது. வாடிக்கையாளர் துணியைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு ஓடுகிறார் என்றால் அந்தக் கடையின் விளக்கு சரியில்லை.

வெளிச்சத்துக்கு அளவு லூமன். வாட் என்பது வாங்கும் மின்சாரம், தரும் ஒளி அல்ல. அந்தக் காலத்து ‘ஜீரோ வாட்’ பல்பே பத்து வாட்டுக்கு மேல் இழுத்தது. அட்டையில் லூமனை வாட்டால் வகுத்துப் பாருங்கள். 100க்குப் பக்கத்தில் வந்தால் நல்ல சரக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 2,000 லூமன் பொதுவாகப் போதும். சுவரில் கரும்பச்சை அடித்திருந்தால் போதாது. கெல்வின் என்று போட்டிருப்பது ஒளியின் சாயல்: 2,700 மஞ்சள், 6,500 நீலம் கலந்த வெள்ளை. நம் ஊரில் எல்லா அறைக்கும் 6,500ஐ மாட்டிவிடுகிறார்கள். படுக்கையறைக்கு அது தவறு என்பதே என் கருத்து. இரவில் நீலம் மிகுந்த ஒளி தூக்கத்தைத் தள்ளிப்போடும். அடுக்களைக்கும் படிக்கும் மேசைக்கும் 4,000 பொருத்தம்.

அடுத்தது ஆயுள். அட்டையில் 25,000 மணி நேரம் என்றிருக்கும். வாங்கிய பல்பு ஆறே மாதத்தில் மின்னி அணையும். பழி சில்லின் மேல் விழுகிறது. உண்மையில் செத்துப்போவது பெரும்பாலும் அடியில் இருக்கும் டிரைவர். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சிறு சர்க்யூட் அது. அதிலுள்ள கெப்பாசிட்டருக்கு வெப்பம்தான் எமன்: ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். ஆகவே அலுமினிய உடல் கொண்ட, கையில் கொஞ்சம் கனக்கும் பல்பாக எடுங்கள். காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் எல்இடி பல்பைப் போடாதீர்கள். தகர, ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒட்டியும் மாட்டாதீர்கள்.

2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் எல்இடியை ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனது. அரசு மொத்தமாக வாங்கியதால் 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. பெரிய சாதனை. விலை இறங்கிய சந்தையில் போலிகளும் கூடவே நுழைந்தன. பிஐஎஸ் முத்திரையும் நட்சத்திர ஸ்டிக்கரும் இல்லாத பல்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். எரியும் பல்பை செல்போன் கேமராவில் பாருங்கள். திரையில் கருங்கோடுகள் அடர்த்தியாக ஓடினால் ஒளி துடிக்கிறது என்று பொருள். சிலருக்கு அதனால் தலைவலி வரும். மில்லிலும் லேத் பட்டறையிலும் அதைவிட ஆபத்து: சுற்றும் சக்கரம் நின்றிருப்பதுபோல் தோன்றும். அங்கே துடிப்பில்லாத டிரைவருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

கடைக்காரருக்கு இன்னொரு கணக்கு. வீட்டுக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம். கடைக்கு அது கிடையாது, யூனிட் விலையும் அதிகம். காலையிலிருந்து இரவு வரை விளக்கு எரியும் கடையில் நல்ல எல்இடிக்குப் போட்ட பணம் வீட்டைவிட வெகு சீக்கிரம் திரும்பும்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்பு மினுக்கினால், பெரும்பாலும் ஃபேஸ் வயருக்குப் பதில் நியூட்ரலில் ஸ்விட்ச் மாட்டியிருக்கிறார்கள். பல்பை மாற்றிப் பயனில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மாற்றச் சொல்லுங்கள்; ஹோல்டரைத் தொடுபவருக்கு அது உயிர் ஆபத்து.

வளையமாதேவி போன்ற ஊர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். புகையானும் குருத்துப்பூச்சியும் வெளிச்சத்துக்கு வரும். விளக்குப் பொறி வைக்கும் விவசாயிக்கு இது தெரியும். நீலம் மிகுந்த வெள்ளை ஒளிக்குப் பூச்சி அதிகம் வரும், மஞ்சள் சாயலுக்குக் குறைவு. வயலோரத் தெருவிளக்குக்கும், களத்துமேட்டு விளக்குக்கும், மோட்டார் கொட்டகைக்கும் 3,000 கெல்வினுக்கு மேல் போக வேண்டாம். வெளிச்சம் பயிர்ப் பக்கம் சிதறாமல் பாதைமேல் மட்டும் விழும்படி மறைப்பு வைத்து மாட்டச் சொல்லி, ஊராட்சியில் கேட்டு வாங்குங்கள்.